ஐரோப்பாவில் எங்கே படித்தால் மலிவு? கல்விக் கட்டணமும் மாணவர் உதவியும் குறித்து

லண்டனில் வசிக்கும் ஒரு தாயார் கேட்டிருப்பது இது. அவர்கள் குடும்பம் நெதர்லாந்தில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு லண்டனுக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. மகளிடம் டச்சுக் கடவுச்சீட்டும், பிரிட்டனில் நிரந்தரமாகத் தங்குவதற்கான செட்டில்டு ஸ்டேட்டஸும் உள்ளன. அடுத்த ஆண்டு அவள் பல்கலைக்கழகம் செல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஆண்டுக்கு 9,535 பவுண்டு கட்டணம், ஜெர்மனியில் இலவசம் என்கிறார்களே, அப்படியானால் இங்கே கடன்பட்டுப் படிப்பது வீண்தானா, உண்மையில் எந்த நாடு மலிவு, யாழ்ப்பாணத்திலிருந்து வர விரும்பும் தம் அக்கா மகனுக்கும் அதே பதில் பொருந்துமா என்று கேட்கிறார். இதை ஊன்றிப் படித்தால் உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. பல்கலைக்கழகம் எவ்வளவு வாங்குகிறது என்பது ஒன்று. படிக்கும் மூன்று நான்கு ஆண்டுகளுக்குச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் யார் பணம் தருவார் என்பது இன்னொன்று. கடன் வாங்கினால் அது எந்த விதிகளின்படி திரும்பப் பெறப்படும் என்பது மூன்றாவது. மலிவு என்ற ஒரே சொல்லால் கேட்கும்போது முதல் கேள்வி மட்டுமே கண்ணில் படுகிறது.

பதில் சொல்லுமுன் என் நிலையைக் கூறிவிடுவது நேர்மை. நான் பல ஆண்டுகளாக ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழக நகரத்தில் மாணவர்களின் பணச் சிக்கல்களுக்கு வழிகாட்டும் பணியில் இருக்கிறேன். ஜெர்மன் விதிகளை அன்றாடம் கையாண்டு அறிந்திருக்கிறேன். மற்ற நாடுகளின் விதிகளை அவற்றின் சட்டங்களையும் அரசு அறிவிப்புகளையும் படித்தும், அந்நாடுகளிலிருந்து வந்த மாணவர்களோடு உட்கார்ந்து கணக்குப் போட்டும் கற்றுக்கொண்டேனே தவிர, அங்குள்ள அலுவலகங்களில் வேலை செய்ததில்லை. கீழே தரும் தொகைகள், வேறு ஆண்டு குறிப்பிடாத இடங்களில், 2025-26 கல்வியாண்டுக்கு உரியவை. பெரும்பாலானவை ஆண்டுதோறும் மாறுகின்றன என்பதால், எண்களைவிட அவற்றின் பின்னுள்ள முறையைப் பிடித்துக்கொள்வது பயன் தரும்.

முதலில் உறுதியானதைச் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றின் குடியுரிமை உள்ளவரிடம், இன்னோர் ஒன்றிய நாட்டின் அரசுப் பல்கலைக்கழகம் தன் நாட்டு மாணவரிடம் வாங்குவதைவிட அதிகக் கட்டணம் வாங்கக் கூடாது. பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் சித்திரக் கதை வரைகலை படிக்கப் போன கிராவியே என்ற பிரெஞ்சு மாணவியிடம், பெல்ஜிய மாணவர்கள் செலுத்தத் தேவையில்லாத தனிக் கட்டணம் ஒன்றை நகராட்சி கேட்டது. அந்த வழக்கில் 1985-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த தீர்ப்பே இந்த உரிமைக்கு அடித்தளம். ஆகவே உங்கள் மகள் டச்சுக் கடவுச்சீட்டோடு ஜெர்மனிக்கோ ஸ்வீடனுக்கோ ஆஸ்திரியாவுக்கோ போனால் அந்நாட்டுப் பிள்ளைகளுக்குள்ள கட்டணமே அவளுக்கும். பிரெக்சிட்டுக்குப் பின்னும் அவளுக்கு இது குறையவில்லை. பிரிட்டிஷ் கடவுச்சீட்டு மட்டும் உள்ள அவளுடைய தோழிக்குத்தான், அயர்லாந்து நீங்கலாக, அந்தக் கதவு பெரும்பாலும் மூடிக்கொண்டது.

ஆனால் இதே சமத்துவம் வாழ்க்கைச் செலவுக்கான உதவிக்குப் பொருந்தாது. ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டுக் குடிநகர்வுச் சட்டம், ஐந்தாண்டு சட்டப்படி வசித்து நிரந்தர வதிவிட உரிமை பெறும்வரை, வேலை செய்யாத மாணவருக்கு உதவித்தொகையோ கடனோ தரும் கடமை எந்த நாட்டுக்கும் இல்லை என்று வெளிப்படையாகவே கூறுகிறது. நெதர்லாந்தில் படித்த ஒரு ஜெர்மன் மாணவியின் வழக்கில் 2008-இல் நீதிமன்றமும் ஐந்தாண்டு நிபந்தனையை ஏற்றுக்கொண்டது. கட்டணத்துக்கு ஓர் எல்லைக்கோடும் உதவிக்கு வேறோர் எல்லைக்கோடும் இருக்கின்றன. என்னிடம் வரும் பெற்றோரில் பெரும்பாலோர் முதல் கோட்டை மட்டும் பார்த்துவிட்டுப் பிள்ளையை அனுப்பியவர்கள். இரண்டாவது கோட்டில்தான் அவர்கள் இடறுகிறார்கள்.

ஜெர்மனியையே எடுத்துக்கொள்வோம். கட்டணம் வாங்கக் கூடாது என்றிருந்த தடையை 2005-இல் அரசமைப்பு நீதிமன்றம் நீக்கியபின் ஏழு மாநிலங்கள் அரையாண்டுப் பருவத்துக்கு 500 யூரோ வரை வாங்கத் தொடங்கின. மக்கள் எதிர்ப்பு ஓயவில்லை. ஹெஸ்ஸன் 2008-இலேயே அதைக் கைவிட்டது. பவேரியாவில் 2013-இல் வாக்காளரில் பத்து விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் நேரில் சென்று கையெழுத்திட்ட பின் அரசு பணிந்தது. கடைசியாகக் கீழ்ச் சாக்சனி 2014-இல் கட்டணத்தை நீக்கியது. இந்த வரலாற்றை நினைவூட்டுவதற்குக் காரணம், இலவசக் கல்வி இயற்கையாக அமைந்தது போல் பேசப்படுவதுதான். அது போராடித் திரும்பப் பெறப்பட்ட ஒன்று. இன்று உங்கள் மகள் கட்ட வேண்டியது பருவப் பங்களிப்பு மட்டும். பல்கலைக்கழகத்தைப் பொறுத்து அது ஏறத்தாழ நூறு முதல் முந்நூற்றைம்பது யூரோ வரை இருக்கும், பல இடங்களில் பேருந்து ரயில் பயணச் சீட்டும் அதற்குள் அடங்கும்.

அப்படியானால் அவள் எதைக் கொண்டு வாழ்வாள்? ஜெர்மன் அரசின் மாணவர் உதவியான பாஃபெக், 1971 முதல் நடப்பில் உள்ள திட்டம், பாதியை மானியமாகவும் பாதியை வட்டியில்லாக் கடனாகவும் தருகிறது. அதன் உச்சத்தொகை மருத்துவக் காப்பீட்டுக்கான சேர்ப்போடு மாதம் 992 யூரோ. கடனில் எவ்வளவு பெற்றிருந்தாலும் திருப்பிச் செலுத்த வேண்டிய உச்சவரம்பு 10,010 யூரோ, மாதம் 130 யூரோவாக. ஐரோப்பாவிலேயே மென்மையான கடன் விதிகளுள் ஒன்று என்று இதைத் தயங்காமல் சொல்வேன். ஆனால் இது பெற்றோர் வருமானத்தைப் பார்த்துத் தரப்படுவது. பிள்ளை ஒரு தொழிலுக்குத் தகுதி பெறும் முதல் படிப்பு முடியும்வரை அதைத் தாங்குவது பெற்றோரின் சட்டக் கடமை என்பதே ஜெர்மன் சட்டத்தின் நோக்கு. பெற்றோரால் முடியாத இடத்தில்தான் அரசு வருகிறது. அதோடு டச்சுக் குடிமகளான உங்கள் மகள் ஜெர்மனியில் ஐந்தாண்டு வசித்தவளோ அங்கே உழைப்பவளோ இல்லாத நிலையில் வந்து சேர்ந்ததும் இதைப் பெற முடியாது. வாழ்க்கைச் செலவாக மாதம் 992 யூரோவை வைத்தால் ஆண்டுக்கு 11,904 யூரோ, மூன்றாண்டுக்கு 35,712 யூரோ உங்கள் கையிலிருந்து, ரொக்கமாகப் போக வேண்டும். பாஃபெக் கணக்கில் வாடகைக்கு ஒதுக்கப்படுவது 380 யூரோ. மியூனிக்கில் அந்த விலைக்கு அறை கிடைப்பது அரிது.

இங்கிலாந்தின் கணக்கு முற்றிலும் வேறு மண்ணில் முளைத்தது. அங்கே 1998-இல் 1,000 பவுண்டாகத் தொடங்கிய கட்டணம், 2006-இல் 3,000-ஆகவும் 2012-இல் 9,000-ஆகவும் உச்சவரம்பு உயர்ந்து 2025-26-இல் 9,535-ஐ எட்டியது. ஏழை மாணவர்க்குத் தந்துவந்த வாழ்க்கைச் செலவு மானியத்தையும் 2016 முதல் சேர்ந்த மாணவர்களுக்கு நிறுத்திவிட்டுக் கடனாக மாற்றினார்கள். இதை நான் நியாயம் என்று கருதவில்லை. வசதியற்ற வீட்டுப் பிள்ளை வாழ்க்கைச் செலவுக்கும் அதிகம் கடன்வாங்க நேர்வதால் பட்டம் பெறும் நாளில் மற்றவரைவிடப் பெரிய கடனோடு வெளியேறுகிறது. ஆயினும் அந்தக் கடன் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அஞ்சுவதும் தவறு. கட்டணம் மாணவர் கையில் வராமலேயே பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுகிறது. 2023 ஆகஸ்டு முதல் சேர்ந்தவர்கள், ஆண்டு வருமானம் 25,000 பவுண்டைத் தாண்டினால், தாண்டிய பகுதியில் மட்டும் 9 விழுக்காடு செலுத்துகிறார்கள். 30,000 பவுண்டு சம்பளம் என்றால் ஆண்டுக்கு 450 பவுண்டு, மாதம் 37 பவுண்டு 50 பென்ஸ், சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளப்படும். வேலை போனால் பிடித்தம் நிற்கும். 40 ஆண்டுகளில் மீதி தள்ளுபடியாகும். வட்டி சில்லறை விலைவாசி உயர்வின் அளவே. கடன் என்று பெயரிருந்தாலும் இது பட்டதாரிகளுக்கு மட்டும் விதிக்கப்படும் ஒரு வரியைப் போலவே நடந்துகொள்கிறது. ஆனால் அது 40 ஆண்டு நீளும் வரி. 22 வயதில் வேலைக்குச் சேரும் பெண் 60 வயதைத் தாண்டியும் செலுத்திக்கொண்டிருக்கக் கூடும்.

செட்டில்டு ஸ்டேட்டஸும் பிரிட்டனில் மூன்றாண்டு வசிப்பும் இருந்தால் உங்கள் மகளுக்கு உள்நாட்டுக் கட்டணமும், கட்டணக் கடனும், வாழ்க்கைச் செலவுக் கடனும் கிடைக்கும். வீட்டிலிருந்தே படித்தால் வாழ்க்கைச் செலவுக் கடனின் உச்சம் 8,877 பவுண்டு; லண்டனில் தனியே தங்கினால் 13,762. குடும்ப வருமானம் உயர உயர இத்தொகை குறையும். ஸ்காட்லாந்து இலவசம் என்று யாராவது சொன்னால், அது ஸ்காட்லாந்தில் வசிப்பவர்க்கே என்பதை நினைவில் வையுங்கள். லண்டனிலிருந்து எடின்பரோ போகும் பிள்ளைக்கு அங்கும் கட்டணம் உண்டு.

இப்போது இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கட்டணமே இல்லாத ஜெர்மனி உங்களிடம் இன்றே முப்பத்தைந்தாயிரம் யூரோவுக்கும் மேல் கேட்கிறது. ஐரோப்பாவிலேயே மிக உயர்ந்த கட்டணம் வாங்கும் நாடுகளுள் ஒன்றான இங்கிலாந்து, அவள் வீட்டிலேயே தங்கிப் படித்தால், இன்று உங்களிடம் ஏறக்குறைய எதுவும் கேட்காமல் அவளுடைய நாளைய சம்பளத்திடம் கேட்கிறது. எது மலிவு என்பது உங்கள் சேமிப்பையும் அவள் செய்யப்போகும் தொழிலையும் பொறுத்தது. கையில் பணமுள்ள குடும்பத்துக்கு ஜெர்மனி நிச்சயம் மலிவு. கையில் பணமில்லாத குடும்பத்துக்கு அது பல நேரம் எட்டாக்கனி.

ஸ்காண்டிநேவிய நாடுகளின் நோக்கு இவ்விரண்டிலும் சேராது. அங்கே பதினெட்டு வயது நிரம்பியவர் தனி மனிதர். அவருடைய தந்தை என்ன சம்பாதிக்கிறார் என்று அரசு பொதுவாகக் கேட்பதில்லை. டென்மார்க்கில் எஸ்.யூ. என்னும் உதவித்தொகை, வீட்டைவிட்டு வெளியே தங்கும் மாணவர்க்கு வரிக்கு முன் மாதம் ஏழாயிரம் குரோனரை ஒட்டி வருகிறது, திருப்பிச் செலுத்தத் தேவையில்லை. ஸ்வீடனில் சி.எஸ்.என். அமைப்பு சிறுபகுதியை மானியமாகவும் பெரும்பகுதியைக் கடனாகவும் தருகிறது. அதனால் கட்டணமே இல்லாத நாட்டின் பட்டதாரிகள் கணிசமான கடனோடு வெளியே வருகிறார்கள். நார்வேயில் 1947 முதல் இயங்கும் அரசுக் கடன் நிதியம், வீட்டைவிட்டு வந்து தேர்ச்சி பெற்றுப் படிப்பை முடிப்பவருக்கு அடிப்படைக் கடனில் 40 விழுக்காடு வரை மானியமாக மாற்றித் தருகிறது. பிறநாட்டு ஒன்றியக் குடிமக்களுக்கு டென்மார்க்கில் ஒரு வழி திறந்திருக்கிறது. படித்துக்கொண்டே உண்மையான வேலை செய்பவரை உழைப்பாளராகக் கருதி எஸ்.யூ. தர வேண்டும் என்று 2013-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடைமுறையில் வாரம் பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை எதிர்பார்க்கப்படுகிறது.

உங்கள் மகளுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்லும் நாடு, நீங்கள் கேள்வியில் விட்டுவிட்ட நாடு: நெதர்லாந்து. சட்டக் கட்டணம் ஆண்டுக்கு 2,601 யூரோ. டச்சுக் குடியுரிமை இருப்பதால், அங்கே போய்ப் படித்தால் மாணவர் நிதி அலுவலகமான டியூஓ-விடம் உதவி கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு. இதற்காக அவள் வேலை செய்தாக வேண்டும் என்ற நிபந்தனை பிற ஐரோப்பியருக்கே. 2015-இல் நீக்கப்பட்ட அடிப்படை உதவித்தொகை 2023 செப்டம்பரில் மீண்டும் வந்துவிட்டது. வெளியே தங்கும் மாணவர்க்கு மாதம் முந்நூறு யூரோவுக்குச் சற்று மேல், அதோடு இலவசப் பயண அட்டை, பெற்றோர் வருமானம் குறைவானால் கூடுதல் தொகை. பத்தாண்டுக்குள் பட்டம் பெற்றுவிட்டால் இவை அனைத்தும் மானியமாகும், பெறாவிட்டால் கடனாகும். இடைப்பட்ட ஆண்டுகளில் படித்தவர்களை நெதர்லாந்தில் துரதிர்ஷ்டத் தலைமுறை என்கிறார்கள். உதவித்தொகையும் இழந்து, வட்டியே இருக்காது என்ற நம்பிக்கையில் கடன் வாங்கியவர்கள் அவர்கள். 2024-இல் அந்த வட்டி 2.56 விழுக்காடாயிற்று. அரசின் மாணவர் கொள்கையை நம்பி நான்காண்டுக் கணக்குப் போடும்போது இந்தத் தலைமுறையை மறக்கக் கூடாது. மேலும், டச்சு உதவியை வேறொரு நாட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டுமானால் கடந்த ஆறாண்டில் மூன்றாண்டு நெதர்லாந்தில் வசித்திருக்க வேண்டும் என்ற விதி உண்டு. நீங்கள் லண்டனுக்கு வந்து அதைவிட அதிகக் காலம் ஆகியிருந்தால் ஜெர்மனிக்கு அந்தப் பணம் உடன்வராது.

பிரான்ஸை விரைவாகச் சொல்லிவிடலாம். அரசுப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பதிவுக் கட்டணம் 178 யூரோ, மாணவர் வாழ்வுப் பங்களிப்பு 105 யூரோ. உதவித்தொகை பெற்றோர் வருமானத்தைப் பொறுத்துப் படிநிலைகளாகத் தரப்படுகிறது. உதவித்தொகை பெறுவோர்க்கு இவ்விரண்டு கட்டணங்களும் இல்லை. பிரெஞ்சு நன்றாகத் தெரிந்த பிள்ளைக்கு இதைவிட எளிய வாசல் குறைவு.

இனி உங்கள் அக்கா மகன். அவர் மூன்றாம் நாட்டவர், அதாவது ஒன்றியத்துக்கு வெளியேயுள்ள நாட்டின் குடிமகன். கிராவியே தீர்ப்பு அவரைக் காக்காது. கடந்த இருபதாண்டுகளில் இந்தப் பகுதியில்தான் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தப்பட்டன. ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர்க்கு டென்மார்க் 2006-இலும், ஸ்வீடன் 2011-இலும், பின்லாந்து 2017-இலும், பிரான்ஸ் 2019-இலும், நார்வே 2023-இலும் தனிக் கட்டணம் விதித்தன. நார்வேயில் அதன்பின் வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கை மளமளவெனச் சரிந்தது. பிரான்ஸ் இளநிலைக்கு 2,770 யூரோ என்று தொடங்கிப் பின் சற்று உயர்த்தியது. ஆனால் பல்கலைக்கழகங்கள் தம் விருப்பப்படி ஒரு பகுதியினருக்கு விலக்கு அளிக்கலாம், பல அளிக்கவும் செய்கின்றன. ஆஸ்திரியா பருவத்துக்கு 726 யூரோ 72 சென்ட் வாங்குகிறது. ஜெர்மனியில் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 முதல் இளநிலைக்கே பருவத்துக்கு 2,000 முதல் 3,000 யூரோ வரை கேட்கிறது. மற்ற மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கட்டணமில்லை. ஆனால் விசாவுக்காக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில், அதாவது மாதந்தோறும் ஒரு பகுதியை மட்டுமே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில், முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். ஜெர்மனியில் அவர் ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம் என்றாலும், முதல் பருவத்தில் மொழியும் பாடமும் சேர்ந்து அழுத்தும்போது அந்த நாட்களை நம்பி வருவது ஆபத்து. அப்படி நம்பி வந்து, முடக்கக் கணக்கில் போடுவதற்காக ஊரில் வாங்கிய கடனைக் கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்கத் தொடங்கியதும் தேர்வுகளை விட்டுவிட்டு இரவுப் பணிக்குப் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலரால் படிப்பை மீட்க முடியவில்லை.

இந்நிலையில் இத்தாலி தனித்து நிற்கிறது. திறமையும் தகுதியும் உள்ளவர் வசதியற்றவராயினும் கல்வியின் உச்சம்வரை செல்லும் உரிமை உடையவர் என்று அந்நாட்டு அரசமைப்பின் 34-ஆம் பிரிவு கூறுகிறது. அதன்வழி வந்த பிராந்திய மாணவர் உதவித் திட்டத்தில் வெளிநாட்டு மாணவரும் போட்டியிடலாம். கட்டணம் குடும்பத்தின் வருமானமும் சொத்தும் சேர்ந்த ஒரு குறியீட்டைப் பார்த்து விதிக்கப்படுகிறது. அது 22,000 யூரோவுக்குள் இருந்தால் முதலாண்டில் பல்கலைக்கழகக் கட்டணம் இல்லை, அடுத்த ஆண்டுகளில் போதிய பாடங்களில் தேர்ந்திருக்க வேண்டும். இலங்கையிலுள்ள குடும்பத்தின் வருமானத்தை இந்தக் குறியீட்டுக்கு மாற்றிக் கணக்கிட, சம்பளச் சான்று, வீடு நில ஆவணம், வங்கி இருப்பு ஆகியவை மொழிபெயர்ப்போடும் சான்றுறுதியோடும் வேண்டும். இந்தக் காகிதங்களுக்கு மாதங்கள் ஆகும். இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. தகுதியானவர் பட்டியலில் பெயர் வந்தும், நிதி தீர்ந்துவிட்டதால் பணம் கிடைக்காதவர்கள் என்றே இத்தாலியில் ஒரு வகையினர் உண்டு. கிடைப்போர்க்கும் முதல் தவணை வகுப்பு தொடங்கிச் சில மாதம் கழித்தே வரலாம். அதுவரைக்கான பணத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

இவ்வளவும் எழுத்தில் உள்ள விதிகள். இனி ஐயத்துக்குரியதைப் பிரித்துச் சொல்கிறேன். படித்துக்கொண்டே வேலை செய்தால் உழைப்பாளர் உரிமை வந்துவிடும், அதைக் காட்டிப் பாஃபெக் வாங்கிவிடலாம் என்று பலர் அறிவுரை சொல்கிறார்கள். சட்டப்படி அது நடக்கக்கூடியதே, நடந்தும் இருக்கிறது. ஆனால் எத்தனை மணி நேரம், எத்தனை மாதம், எப்படிப்பட்ட வேலை என்பதை ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அலுவலகம் தனித்தனியே எடைபோடுகிறது. ஒரே மாதிரியான இரண்டு விண்ணப்பங்களுக்கு இரண்டு நகரங்களில் வெவ்வேறு முடிவு வந்ததைக் கண்டிருக்கிறேன். ஆகையால் அது கிடைத்தால் நல்லது என்ற நிலையில் வைத்துக்கொள்ளலாமே ஒழிய, முதலாண்டு வாடகையை அதன்மேல் ஏற்றக் கூடாது. அதுபோலவே எந்த நாட்டிலும் இன்றைய கட்டணம் படிப்பு முடியும்வரை அப்படியே இருக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வாரம் செய்வது இதுதான். மகளுக்கு டச்சு மொழி இன்னும் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பேன். கட்டணம் ஒன்றே ஆனாலும் டச்சு மொழியில் நடக்கும் படிப்புகளையும் சேர்த்தால் தேர்வு விரியும். டியூஓ பொதுவாக இரண்டாண்டுக்கு முந்தைய வருமானத்தைக் கேட்கும் என்பதால் அந்த ஆண்டுக்கான பிரிட்டிஷ் வருமான வரிச் சான்றை இப்போதே எடுத்துவைப்பேன். இங்கிலாந்து விண்ணப்பத்தையும் கைவிடாமல் இணையாக நடத்துவேன். ஜெர்மனி என்று முடிவானால், பாஃபெக் தகுதி ஐயமாக இருந்தாலும் அவள் வேலையில் சேரும் மாதத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடச் சொல்வேன். விண்ணப்பித்த மாதத்துக்கு முந்தைய மாதங்களுக்கு அங்கே பணம் தருவதில்லை, விடுபட்ட ஆவணங்களைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.